பொருள்: 'கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்' – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு 1954-இலிருந்து நடத்திவரும் டோர்னமெண்ட்டின் கதை. முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். அகராதியைத் திறந்தால் 'மாநாடு'. 'அட்லாண்டிக் கடற்கரை மாநாட்டுப் போட்டி' என்று எழுதிப் பார்த்தேன். பந்தல் போட்டு, தலைவருக்கு மாலை சாத்திவிட்டுப் பந்தாட இறங்கிய மாதிரி இருக்கிறது. தனிமடலில் மூன்று யோசனைகள் வந்தன: மண்டலப் போட்டி, தகுதிச் சுற்று, கூட்டமைப்புச் சாம்பியன் போட்டி. இவற்றில் ஒன்றை எடுக்கலாமா, புதிதாக ஒன்று வேண்டுமா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

———

மறு: 'கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்'

வணக்கம் அம்மா. மாநாடு வேண்டவே வேண்டாம். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் நான்கு வருடம் சிமெண்டுத் தரையில் முழங்காலைத் தேய்த்தவன் நான். கூடைப்பந்து என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

> மண்டலப் போட்டி

எங்கள் காலத்தில் 'தென்மண்டலம்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். பல்கலைக்கழக அணிகள் முதலில் மண்டல அளவில் மோத வேண்டும், அங்கே முன்னுக்கு வந்தால்தான் அகில இந்தியப் போட்டி. இதைப் பார்த்துத்தான் நண்பர் சொல்லியிருப்பார். ஆனால் மண்டலம் என்பது மேலே இருப்பவர்கள் வரைபடத்தில் கிழித்த கோடு. உங்கள் ஊர் எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் உங்கள் மண்டலம், யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. கான்ஃபரன்ஸ் அப்படியில்லை. கல்லூரிகள் தாங்களாகப் பேசி, விதி எழுதி, வருமானத்தில் பங்கு பிரித்துச் சேர்வது. மனம் கசந்தால் வெளியே போய்விடலாம்.

உங்கள் கட்டுரைக்குரிய அமைப்பே அப்படி வெளியேறியவர்கள் கட்டியதுதான். அதற்கு முன் சதர்ன் கான்ஃபரன்ஸ் என்று 17 உறுப்பினர்களோடு ஒன்று இருந்தது. பருவம் முடிந்தபின் நடக்கும் 'பௌல்' என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு யாரும் போகக் கூடாது என்று 1951-இல் அது தடை போட்டது. மேரிலாந்தும் கிளெம்சனும் தடையை மீறிப் போயின. அடுத்த ஆண்டு மற்றவர்களோடு ஆட விடாமல் ஒதுக்கி வைத்தார்கள். புகைச்சல் முற்றி, 1953 மே 8 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ அருகே ஒரு விடுதியில் ஏழு கல்லூரிகள் கூடிப் பிரிந்து வந்துவிட்டன. அந்த ஆண்டு இறுதிக்குள் வர்ஜீனியாவும் வந்து சேர எட்டு ஆயிற்று. கால்பந்துச் சண்டையில் பிறந்த அமைப்புக்குக் கூடைப்பந்தால் பேர் கிடைத்தது.

இதைப் படித்தால் உங்களுக்கு என்ன சொல் தோன்றுகிறது? எனக்குக் 'கூட்டணி'. சிரிக்காதீர்கள். சேர்கிறார்கள், பிரிகிறார்கள், பழைய எதிரியோடு புதிதாகச் சேர்கிறார்கள். தென் கரோலினாப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியேறியது. ஏழு நிறுவனர்களில் ஒன்றான மேரிலாந்து 2014-இல் 'பிக் டென்' (பெரிய பத்து) என்ற இன்னொரு கூட்டணியின் பக்கம் போனது. பெயரில் பத்து, இன்று அதன் உறுப்பினர்கள் பதினெட்டு. 2024-இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணியில் சேர்ந்தன. அவர்கள் ஊர்க் கடல் பசிபிக்! மண்டலம் என்று எழுதினால் இந்த வரியை எப்படி விளக்குவீர்கள்? கூட்டணி என்றால் விளக்கமே தேவையில்லை, நம் வாசகருக்கு இதெல்லாம் பழக்கம்.

> தகுதிச் சுற்று

வென்றவர் தேசியப் போட்டிக்குப் போகிறார், ஆகவே தகுதிச் சுற்று என்பது நண்பரின் வாதம். கூட்டணிப் போட்டி எதற்கு என்ற கேள்விக்கு விடை காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. அதைப் பெயருக்குள் வைத்துத் தைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

1974 வரை தேசியப் போட்டிக்கு ஒரு கூட்டணியிலிருந்து ஒரே அணிதான். அந்த ஒன்று யார் என்பதைப் பெரும்பாலான கூட்டணிகள் பருவம் முழுக்க ஆடிய ஆட்டங்களின் கணக்கில் முடிவுசெய்தன. இவர்களோ விடாப்பிடியாக மார்ச் மாதத்தில் மூன்று நாள் வைத்தார்கள். வியாழன், வெள்ளி, சனி. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 1970-இல் தென் கரோலினா கூட்டணி ஆட்டங்கள் பதினான்கையும் வென்று வந்தது. அதன் நட்சத்திரம் ஜான் ரோச்சுக்குக் கணுக்காலில் அடி. இறுதி ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம் போய், வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் (இனி சுருக்கமாக ஸ்டேட்) 42–39 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு தேசியப் போட்டியின் கிழக்குப் பகுதி ஆட்டங்கள் நடந்தது தென் கரோலினாவின் சொந்த அரங்கில்! தங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் கல்யாணத்துக்குத் தங்களுக்கே அழைப்பில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியேறியதில் எனக்கு வியப்பே இல்லை.

1974 இன்னும் கொடுமை. கிரீன்ஸ்போரோவில் இறுதி ஆட்டம், ஸ்டேட்டும் மேரிலாந்தும். நாட்டின் தலைசிறந்த ஐந்து அணிகளுக்குள் இரண்டுமே இருந்தன. தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடும் இல்லை, இத்தனை நொடிக்குள் பந்தை எறி என்று விரட்டும் கடிகாரமும் இல்லை. இருந்தும் 103–100, அதுவும் கூடுதல் நேரத்தில். ஏழடி நாலங்குல டாம் பர்ல்சன் மட்டும் 38 புள்ளி. ஆட்டம் முடிந்ததும் மேரிலாந்துப் பயிற்சியாளர் லெஃப்டி டிரீசல், ஸ்டேட் வீரர்கள் ஏறியிருந்த பேருந்துக்குள் போய் வாழ்த்திவிட்டு இறங்கினார். ஸ்டேட் தொடர்ந்து போய், ஏழு வருடம் விடாமல் பட்டம் வென்றிருந்த கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ.வைச் சாய்த்துத் தேசியப் பட்டத்தையும் எடுத்தது. மேரிலாந்து வீட்டில் இருந்தது. இதெல்லாம் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே தேசியப் போட்டியை 25 அணிகளிலிருந்து 32 ஆக்கி, ஒரு கூட்டணியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணியும் வரலாம் என்றார்கள்.

ஆக 1974 வரை இதுதான் ஒரே கதவு. 1975-க்குப் பிறகு நல்ல அணிக்கு இது பல கதவுகளில் ஒன்று, தோற்றாலும் அழைப்பு வரும். தகுதிச் சுற்று என்று பெயர் வைத்தால் வரலாற்றின் முன்பாதிக்குத்தான் பொருந்தும். அந்தப் பாதியிலும் வட கரோலினாக்காரர்கள் இதைத் 'தகுதி'யாகப் பார்த்தார்களா என்ன? போட்டி நடக்கும் நாட்களில் ஆசிரியர்களே வகுப்புக்குள் டிவியைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டுவிடுவார்களாம்.

> கூட்டமைப்புச் சாம்பியன் போட்டி

கூட்டமைப்பு என்றால் நமக்கு கால்பந்துக்கு ஃபிஃபா, கூடைப்பந்துக்கு ஃபிபா மாதிரி ஆளும் அமைப்புகள்தான் நினைவுக்கு வரும், குழப்பம். 'சாம்பியன்' இன்னும் பெரிய வம்பு. அட்லாண்டிக் கடற்கரையில் இந்தப் போட்டியை வென்றவரே கூட்டணிச் சாம்பியன், பருவத்தில் முதலிடம் பிடித்தவருக்கு அந்தப் பேர் கிடையாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் இருக்கும் ஐவி லீக்கிலோ நேர்மாறு. 2017 வரை அவர்கள் இப்படியொரு போட்டியே வைக்கவில்லை. வைத்த பிறகும் சாம்பியன் பட்டம் பருவத்தில் முதலிடம் பிடித்தவருக்குத்தான், போட்டியில் வென்றவருக்கு தேசியப் போட்டிக்கான சீட்டு மட்டும். ஒரே சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்றால் 'சாம்பியன்' உள்ளே வரக் கூடாது.

என் பரிந்துரை: கூட்டணிக் கோப்பை. சின்னச் சொல், தலைப்பில் அடங்கும். நம்மூரில் சுழற்கோப்பைப் போட்டி என்று சுவரொட்டி பார்த்தாலே நாக்-அவுட் என்று புரிந்துகொள்கிறோமே.

ஒரு கொசுறு. 'வலை அறுப்பு' என்ற சொல்லையும் கட்டுரையில் சேருங்கள். ஸ்டேட்டின் பயிற்சியாளர் எவரெட் கேஸ் இண்டியானாவிலிருந்து வந்தவர். வென்ற அணி ஏணி போட்டுக் கூடையின் வலையை அறுத்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை 1947-இல் இந்தப் பக்கம் பரப்பியவர் அவர்தான். புதிய கூட்டணியின் முதல் மூன்று கோப்பைகளும் அவருக்கே; ஆடியதும் ராலேயில் அவர் கல்லூரியின் ரெனால்ட்ஸ் அரங்கில். 1966 வரை அதே அரங்கில்தான் நடந்தது, மற்றவர்கள் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு. 1965-இல் ஸ்டேட் வென்றபோது அவர் பதவி விட்டிருந்தார். புற்றுநோய். பார்வையாளராக வந்து உட்கார்ந்திருந்தவரைப் பையன்கள் தூக்கிப் பிடித்து, வலையின் கடைசி இழைகளை அவர் கையால் அறுக்க வைத்தார்கள். மறு ஆண்டு காலமானார். (எங்கள் மைதானத்தில் இந்தச் சடங்குக்கு வழியே இல்லை. வலை மாட்டிய மூன்றாம் மாதம் தானே அறுந்துவிடும்.)

———

மறு: 'கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்'

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன 'கூட்டணி' எனக்குச் சம்மதம். 'கோப்பை' மட்டும் இடிக்கிறது. உங்கள் உலகக் கோப்பை இங்கே உலகக் கிண்ணம். கோப்பை என்றால் எங்களுக்கு முதலில் தேநீர்தான். நான் எழுதினால் கூட்டணிக் கிண்ணம் ஆகிவிடும், பிறகு ஒரு பொருளுக்கு இரண்டு கலைச்சொல்.

டோர்னமெண்ட்டுக்கு நாங்கள் சின்ன வயதிலிருந்தே 'சுற்றுப்போட்டி' என்றுதான் பத்திரிகையில் வாசித்து வருகிறோம். கிரிக்கெட், வலைப்பந்து, கூடைப்பந்தாட்டம் எல்லாவற்றுக்கும் அதே சொல். கூட்டணிச் சுற்றுப்போட்டி என்றால் என்ன?

———

மறு: 'கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்'

கூட்டணி என்றாலே தேர்தல் வாடை அடிக்கிறதே? 'குழாம்' என்று வைக்கலாமே.

———

மறு: 'கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்'

குழாம் இலங்கையில் ஓர் அணிக்குத் தேர்வான வீரர் தொகுதியைக் குறிக்கும் சொல். அங்கே போய் மோதாமல் இருப்போம். தேர்தல் வாடையைப் பொறுத்தவரை, அது வரட்டும். கூட்டணி தேர்தலுக்கு மட்டும் எழுதிவைத்த சொல் இல்லை.

யாழ்ப்பாண நண்பருக்கு: முதலில் எனக்கு ஒப்பவில்லை. சுற்றுப்போட்டி என்றால் எல்லாரும் எல்லாரோடும் சுற்றிச் சுற்றி ஆடுவது போலக் காதில் விழுந்தது. அது பருவ ஆட்டங்கள் அல்லவா, இதற்கு நேரெதிர். இரவு படுத்த பிறகு யோசித்தேன். காலிறுதிச் சுற்று, அரையிறுதிச் சுற்று என்று நாமும்தானே சொல்கிறோம். சுற்று சுற்றாகப் போவதால் சுற்றுப்போட்டி. எதற்காக ஆடுகிறார்கள் என்பதைப் பெயரில் வைக்காதீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கோப்பை என்று பரிசையே பெயராக வைத்தவன் நான். யார் நடத்துகிறார்கள், எப்படி நடக்கிறது, இரண்டும் உங்கள் சொல்லில் இருக்கின்றன. என் கோப்பையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

'எப்படி' என்பதும் மாறாமல் இல்லை, அது வேறு கதை. 1968 அரையிறுதியில் ஸ்டேட் 12, டியூக் 10. புள்ளிதான், தட்டச்சுப் பிழையில்லை. டியூக்கின் உயரமான ஆட்களை வெளியே இழுக்க ஸ்டேட் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, டியூக்கோ வெளியே வரவில்லை. மறுநாள் இறுதியில் அதே ஸ்டேட்டை வட கரோலினா (இது வேறு பல்கலைக்கழகம்) 87–50 என்று துவைத்தது. 1982 இறுதியில் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் வட கரோலினா ஒரு புள்ளி முன்னிலையை வைத்துக்கொண்டு ஏழு நிமிடத்துக்கு மேல் பந்தை ஆளுக்காள் தட்டிக்கொண்டே இருந்தது. எதிரே வர்ஜீனியாவின் ஏழடி நாலங்குல ரால்ஃப் சாம்ப்சன், நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பு. 47–45. மக்கள் கொதித்துப்போக, அடுத்த பருவமே இந்தக் கூட்டணி 30 நொடிக் கடிகாரத்தையும் மூன்று புள்ளிக் கோட்டையும் சோதித்துப் பார்த்தது. 1985-86 பருவத்திலிருந்து நாடு முழுக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கு 45 நொடிக் கடிகாரம் வந்தது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள் அம்மா, 2020-இல் கொரோனாவால் பாதியில் நின்றதற்கு ஒரு வரி போதும்.

முதல் பத்திக்கு ஒரு வரைவு, வெட்டித் திருத்திக்கொள்ளுங்கள்:

"அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணிச் சுற்றுப்போட்டி 1954-இல் ராலே நகரில் தொடங்கியது. முதல் இறுதி ஆட்டத்தில் வட கரோலினா ஸ்டேட் கூடுதல் நேரத்தில் 82–80 என்று வேக் ஃபாரஸ்டை வென்றது. எழுபது ஆண்டு கழித்து, 2024-இல், அதே ஸ்டேட் கூட்டணியில் பத்தாம் இடத்திலிருந்து வந்து, ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று பட்டம் எடுத்தது."

அந்தப் 'பத்தாம் இடம்' என்பதை ஆங்கிலத்தில் 'சீட்' (seed) என்பார்கள், அப்படியே எழுதினால் 'பத்தாம் விதை'. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இதிலேயே சேர்த்தால் இந்த வாரம் யாரும் தூங்கமாட்டோம்.