நாயின் இமையில் கட்டி: டாக்டர் எப்படிக் கண்டுபிடித்தார்?

இமையில் கட்டி வந்த மூன்று நாய்களின் கதையை, அவற்றை வளர்க்கும் மூன்று பேர் சொல்கிறார்கள்.

எங்கள் லேப்ரடாருக்குப் பத்து வயது. மேல் இமை ஓரத்தில் சின்னதாக ஒன்று முளைத்திருந்தது. மரு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போகப்போக அந்தக் கண்ணை மட்டும் சுருக்கிக்கொள்ள ஆரம்பித்தாள், பீளை வேறு. சரி, காட்டிவிடலாம் என்று போனோம்.

டாக்டர் கட்டியை விட்டுவிட்டு முதலில் கண்ணைத்தான் பார்த்தார். கண்ணீர் சுரப்பை அளக்க ஒரு காகிதப் பட்டையைக் கீழ் இமைக்குள் ஒரு நிமிடம் செருகி வைத்தார். 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டுமாம். பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் விட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்தார். கருவிழி மேல் பச்சையாக ஒரு கீறல் பளிச்சென்று தெரிந்தது. இமைக்கும்போதெல்லாம் கட்டி உரசி உரசி வந்த புண். கண்ணைச் சுருக்காமல் என்ன செய்வாள்?

அப்புறம்தான் இமையைப் புரட்டினார். வெளியே தெரிந்தது நுனி மட்டும். உள்பக்கம் அதைவிட நீளமாக, மஞ்சளும் பழுப்புமாகத் தடித்திருந்தது. இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வளர்ந்ததாக இருக்கலாம், நாய்களுக்கு அதுதான் அதிகம் வரும், பெரும்பாலும் ஆபத்தில்லாதது என்றார். கெட்ட கட்டியாக இருந்தால் பரவியிருக்கிறதா என்று தாடைக்குக் கீழே நிணநீர்க் கணுக்களையும் தடவிப் பார்த்தார்.

"புற்றுநோயா டாக்டர்?"

"கண்ணால் பார்த்துச் சொன்னால் அது ஊகம். எடுத்து லேபுக்கு அனுப்பினால்தான் உறுதி."

மழுப்பாத பதில், எனக்குப் பிடித்திருந்தது. இமை நீளத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு வரைதான் 'வி' வடிவில் வெட்டி அப்படியே தைக்க முடியும். அதைத் தாண்டினால் பக்கத்துத் தோலை இழுத்து இமையையே புதிதாக அமைக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடாமல் எடுத்துவிட்டோம். ரிப்போர்ட்: மெய்போமியன் அடினோமா, அதாவது அந்த எண்ணெய்ச் சுரப்பியில் வரும் ஆபத்தில்லாத கட்டி. வெட்டிய ஓரங்கள் சுத்தம், கட்டியின் செல்கள் அங்கே இல்லை.

*

எங்களுக்குக் கத்தியே தேவைப்படவில்லை. ஒரு வயதுகூட ஆகாத குட்டி, இமையில் சிவப்பாக, முடி உதிர்ந்த ஒரு உருண்டை. மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஹிஸ்டியோசைட்டோமா என்ற ஆபத்தில்லாத தோல் கட்டி. இளம் நாய்களுக்கு வருவது, பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். அப்படியே வற்றிப்போனது.

*

அதே ஊசி சோதனையில்தான் எங்கள் பாக்ஸருக்கு மாஸ்ட் செல் கட்டி என்ற ஒருவகைத் தோல் புற்று என்று தெரிந்தது. பார்த்தால் கொசு கடித்த தடிப்பு மாதிரிதான். ஒரு நாள் வீங்கும், மறுநாள் வடியும். இந்த வகையில் சுற்றியுள்ள தசையையும் சேர்த்து அகலமாக வெட்ட வேண்டும் என்பதால் வகை முன்பே தெரிவது முக்கியம். நிணநீர்க் கணுவிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள், வயிற்றுக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். இப்படி ஏறி இறங்கும் கட்டி இருந்தால் அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் ஹிஸ்டமின் என்ற, வீக்கத்தை உண்டாக்கும் பொருள் வெளியேறி இன்னும் வீங்கும். பூனை வளர்ப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்று: பூனை இமையில் வரும் கட்டிகளில் கெட்டவைதான் அதிகம், நாய்க்குச் சொன்னதை வைத்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.