குட்டி யானைக்குப் பக்கத்தில் மேகக் கைகள்

முழங்கால் வலியால் தாய்சியை, அதாவது மெதுவாக அசைந்து செய்யும் சீனத்துப் பயிற்சியை, பாதியில் விட்டதாக இங்கே இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நேரமே இல்லை என்று இன்னொருவர். எனக்கு இரண்டுமே நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் செங்கோட்டை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகப் புளியரை, ஆரியங்காவு வழியே கேரளத்துப் புனலூரில் இறக்குவது தொழில். வண்டி சொந்தக் குட்டி யானை, அதாவது சின்ன லோடு வண்டி. தாய்சி பழகியது சிங்கப்பூரில் வேலை பார்த்த வருஷங்களில். காலையில் அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழே வயசான சீனர்கள் பாட்டுப் போட்டுச் செய்வார்கள்; கடைசி வரிசையில் நின்று பார்த்துப் பார்த்தே வந்துவிட்டது. அது 24 அசைவு கொண்ட எளிய வடிவம். தாய்சியில் ஒரு வகையான யாங் பாணியிலிருந்து சுருக்கி 1956-இல் சீன விளையாட்டு ஆணையம் அமைத்தது. செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்ததும் அதே 1956. இந்தப் பொருத்தம் எனக்கு ஏனோ ரொம்பப் பிடிக்கும்.

ஊர் திரும்பியதும் மொட்டை மாடியில் தினமும் முக்கால் மணி நேரம் என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் ஓடியது. அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், ஆஸ்பத்திரியும் லோடுமாக நான்கு மாதம் கையைக்கூடத் தூக்கவில்லை. மறுபடி தொடங்கினால் வலது முழங்கால் உள்பக்கம் சுருக்கென்று குத்தியது. இனி நமக்கு ஆகாது என்றே நினைத்தேன்.

ஒரு ஆடி மாதம், சாரல் விட்டிருந்த காலை. திரும்பி வரும்போது ஆரியங்காவுப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து வண்டிகள் வரிசையாக நின்றன. சும்மா நிற்பதற்கு, வண்டியோரம் அந்த 24 அசைவில் ஒன்றான மேகக் கைகள் மட்டும் செய்துகொண்டிருந்தேன். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "மோனே, இது களரியாணோ?" இல்லை, சீனத்து வித்தை என்றேன். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். மற்ற அசைவுகளையும் செய்து காட்டினேன். அவர் என் கைகளைப் பார்க்கவே இல்லை, காலையே பார்த்தார். அப்புறம் குனிந்து என் முட்டில் விரல் வைத்து, "பாதம் திரியாதெ முட்டு திரிக்கல்லே" என்றார். பாதம் திரும்பாமல் முட்டைத் திருப்பாதே என்று அர்த்தம். சின்ன வயசில் களரி பழகியவராம்.

அவர் சொன்னது அப்படியே சரி. முழுப் பாரத்தையும் முன்காலில் வைத்துக்கொண்டே உடம்பைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பாதம் தரையில் ஒட்டிக் கிடக்க, முறுக்கு முழுதும் முட்டில் விழுந்தது. பாரத்தைப் பின்காலுக்கு மாற்றி, முன்பாதத்தின் நுனியைத் தூக்கி வெளியே திருப்பி, பிறகு பாரத்தைக் கொண்டுவர வேண்டும். முட்டு கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் பக்கத்தில் நின்ற சீனத்து ஆன்ட்டி தன் ஷூவால் என் ஷூவைத் தட்டிக்கொண்டே இருந்தது இதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ரொம்பத் தாழ உட்காருவதையும் விட்டேன். இரண்டு மாதத்தில் குத்தல் நின்றது. வீக்கமோ பூட்டிக்கொள்வதோ இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

நேரத்துக்கு வருகிறேன். முழு வடிவமே ஐந்தாறு நிமிஷம்தான்; முக்கால் மணி நேரம் என்று வைத்ததால்தான் எனக்கு விட்டுப்போனது. இப்போது கடிகாரம் பார்ப்பதில்லை. புனலூரில் கடைசிப் பெட்டியை இறக்கி, தார்ப்பாய் மடித்த கையோடு மேகக் கைகள். சாவி போடுவது அதற்குப் பிறகுதான். அசதியான நாளில் அது மட்டும், ஞாயிற்றுக்கிழமை முழுசாக மூன்று சுற்று. தக்காளிப் பெட்டி தூக்கும்போதுகூடப் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று தன்னால் தெரிகிறது. இடுப்பு பிடித்துக்கொள்வது நன்றாகக் குறைந்திருக்கிறது.

அந்தப் பெரியவரை அப்புறம் பார்க்கவில்லை. அந்த டீக்கடையில் நிறுத்தும்போதெல்லாம் பெஞ்சைப் பார்க்கிறேன். தேன்மலைப் பக்கம் யாராவது வந்தால், பதிமூன்று கண் பாலத்துக்கு எதிரே காலை ஏழு மணி வாக்கில் ஒரு வெள்ளைக் குட்டி யானை நிற்கும். இறங்கி வாருங்கள், சேர்ந்தே செய்யலாம்.