பயம் எப்போது சரி, எப்போது இல்லை? உறவில் பட்டவர்களின் அனுபவங்கள்

முதல் பதிவு

ஓர் உறவு முறிந்து நாளாகிறது. இப்போது வேறொருவரோடு பழகுகிறேன். நல்ல மனிதர். ஆனாலும் அவர் நெருங்க நெருங்க எனக்குள் ஏதோ இறுகுகிறது. "உனக்கு அப்போ என்னதான் நடந்தது?" என்று ஒருநாள் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினால் பாரமாகத் தெரிவேனோ என்று தயங்கி, ஒரு பகுதியை மட்டும் சொன்னேன். அவர் மேலே தோண்டவில்லை. "சொல்லணும்னு தோணும்போது சொல்லு, போதும்" என்றார்.

பிறகு ஒருமுறை எங்களுக்குள் பெரிய சண்டை. நான் சொன்னதையே எடுத்து என்மேல் வீசப்போகிறார் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். கோபப்பட்டார், குரலும் உயர்ந்தது. ஆனால் அந்த விஷயத்தை மட்டும் தொடவே இல்லை. அதற்கப்புறம்தான் அடுத்த பகுதியைச் சொன்னேன். இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. நீங்களெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

மறுமொழி

நான் உங்கள் துணையின் பக்கத்தில் நின்றவன். நானும் என் காதலியும் மனம்விட்டுப் பேசிய ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் அவள் என்னிடம் ஒரு குறை கண்டுபிடிப்பாள். என் வேலை, என் நண்பர்கள், நான் சிரிக்கும் விதம்கூட. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பின்னாளில் உளவியலாளர் சாண்ட்ரா மர்ரேயும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரையைப் பற்றிப் படித்தேன். நெருங்க வேண்டும் என்ற ஆசையும், அடிபடாமல் தப்ப வேண்டும் என்ற ஆசையும் ஒவ்வொருவர் மனதிலும் மோதிக்கொண்டே இருக்கின்றன என்கிறார்கள். துணை தன்னை மதிக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால் ஆள் நெருங்குகிறார். சந்தேகம் வந்தால் விலகுகிறார். கூடவே துணையின் மதிப்பைத் தன் மனதில் குறைத்தும் கொள்கிறார். பெரிதாக நினைக்காத ஒருவர் விட்டுப்போனால் வலியும் குறைவுதானே. அவள் செய்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குள் நாங்கள் பிரிந்திருந்தோம். அவள்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை.

மறுமொழி

தோழி, என் கதை வேறு. படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள்.

"என்னை நம்புறன்னா உன் பாஸ்வேர்டைக் கொடு" என்று அப்போது என்னோடு இருந்தவன் கேட்டதில் தொடங்கியது. பிறகு லொக்கேஷன். பிறகு எந்தத் தோழியோடு பேசலாம், எவளோடு கூடாது என்பது. நான் தயங்கும்போதெல்லாம் "உனக்கு மனசைத் திறக்கவே தெரியாது" என்பான். கொஞ்ச நாள் எனக்கே அப்படித்தான் பட்டது. ஆனால் எனக்கு இருந்தது நெருங்குவதில் உள்ள கூச்சம் இல்லை. வீட்டுக்கு வர நேரமானால் அவன் என்ன செய்வான் என்ற நடுக்கம். இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க வைத்ததுதான் அவன் செய்த பெரிய கொடுமை.

இப்போது புதிதாக யாரோடு பழகினாலும் சின்ன விஷயத்தில் "வேண்டாம்" சொல்லிப் பார்ப்பேன். இன்று சந்திக்க வேண்டாம், அந்தப் படத்தை அனுப்ப முடியாது, இப்படி. முகம் வாடினால் பரவாயில்லை, அது இயல்பு. மிரட்டலோ, நாள்கணக்கில் பேசாமல் தண்டிப்பதோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

இதே நிலையில் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். இப்படிப்பட்ட ஆளிடம் "நான் போகிறேன்" என்று தனியாக நின்று அறிவிக்காதீர்கள். வன்முறை உள்ள உறவில் பிரியும் நேரம்தான் பலருக்கு மிக ஆபத்தான நேரம். நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கே தங்குவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். பாஸ்வேர்டை அவனுக்குத் தெரியாத கருவியிலிருந்து மாற்றுங்கள்.

மறுமொழி

நான் சுருக்கமாக. "இவரால் எனக்கு வலிக்காது" என்பதற்காகவே ஒருவரோடு பல வருடம் இருந்தேன். வலிக்கவில்லை. அவர் ஊருக்குப் போனால் தேடவும் இல்லை. அவருக்கும் அப்படியே என்று கடைசியில் தெரிந்தது.

மறுமொழி

முதலில் எழுதியவருக்கு: "நான் பயந்து விலகும் வகை" என்று உங்களுக்கு நீங்களே முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். காதலில் நிம்மதியாக நெருங்குபவர், தவிப்பவர், விலகுபவர் என்று ஆட்களைப் பிரித்து இணையத்தில் சுற்றும் அந்த வகைப்பாட்டுக்கு வேர், உளவியலாளர்கள் சின்டி ஹேசனும் பிலிப் ஷேவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு. குழந்தை தன்னை வளர்ப்பவரிடம் காட்டும் ஒட்டுதலைப் பற்றிய கருத்தை அவர்கள் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அது ஆயுள் தண்டனை இல்லை. ஒருவரிடம் தவித்தவர் இன்னொருவரிடம் நிம்மதியாக இருப்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கொஞ்சம் சொல்லி, அது எப்படிக் காக்கப்படுகிறது என்று பார்த்து, அப்புறம் அடுத்ததைச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. சண்டையில் அவர் அதைத் தொடாமல் விட்டதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் இருக்கும்போது அதைச் செய்வது சுலபமில்லை. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அவர் தன் பழைய காயங்களை உங்களிடம் சொல்லியிருக்கிறாரா? நீங்கள் மட்டுமே திறந்துகொண்டிருந்தால், பாக்கிப் பாதியைச் சொல்லும் முன் அவரிடமும் கேளுங்கள்.