வண்டி வராத கிராமத்துப் பாதையை வரைபடத்தில் எப்படிப் பிடிப்பது?

மெல்லோட்டம் கேட்டது:

வணக்கம். தார் ரோட்டில் சைக்கிளை வேகமாக ஓட்டித்தான் பழக்கம். இப்போது பைகளைக் கட்டிக்கொண்டு, பூத்த வயலும் தோப்புமாக இருக்கும் உள்பாதைகளில் சில நாள் நிதானமாகச் சுற்ற ஆசை. லாரிச் சத்தம் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

மேப் ஆப்பில் 'சைக்கிள்' என்று போட்டால் பாதி நேரம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே கொண்டுபோய் விடுகிறது. அதை விட்டு விலகினால் வயலுக்கு நடுவில் பாதை முடிந்துவிடுகிறது. போவதற்கு முன்பே நல்ல பாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

வண்டி விவரம்: 32 மி.மீ. டயர், பல்சக்கரங்கள் முன்னால் 50/34 பல், பின்னால் 11–28 பல். என் எடை 74 கிலோ, சுமை 12 கிலோ, வண்டி 11 கிலோ. ஒரு நாளைக்கு 90 கி.மீ. என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரியா?

---

வரப்புவழி பதில்:

ஊரை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை வைத்துப் பாதையின் அமைதியை எடை போடாதீங்க. அந்த ரோடு யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்க. ரெண்டு ஊரை நேராக இணைக்கிற ரோடு எவ்வளவு குறுகலா இருந்தாலும் குறுக்குவழி தேடுற வண்டி எல்லாம் அதுலதான் வரும். பக்கத்திலேயே புது நெடுஞ்சாலை போட்டிருந்தா பழைய ரோடு காலியாயிடும். ஆனா புது ரோட்டில் சுங்கம் இருந்தா லாரி பழைய ரோட்டுக்கே திரும்பிடும், அதையும் பாத்துக்கோங்க. காருக்கு முட்டுச்சந்து, சைக்கிளுக்கு வழி, இதுதான் தங்கம். ஆற்றின் நடைபாலம், தடுப்பணை மேல் போற தடம், வண்டி ஏற்றாத படகுத்துறை, இதில் எது குறுக்கே இருந்தாலும் ரெண்டு பக்கமும் பல கிலோமீட்டருக்கு ரோடு அமைதியா இருக்கும்.

வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான் (தன்னார்வலர்கள் சேர்ந்து வரையுற திறந்த வரைபடம்) அடிப்படை. அதன் தரவை வைத்து ஓடுற பிரவுட்டர் தளத்தில் 'ட்ரெக்கிங்' வகையில் கோடு போடுங்க. கோடு போட்டதோட விடாம, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன குறிச்சொல் இருக்குன்னு காட்டுற அட்டவணையைத் திறந்து படிங்க. மண்தடத்துக்கு கிரேட்1 முதல் கிரேட்5 வரை தரம் போட்டிருப்பாங்க. கிரேட்1 தார் அல்லது நல்லா இறுகின தளம். கிரேட்2 சரளை. கிரேட்3-ல மண்ணும் கல்லும் பாதிப்பாதி, மழை இல்லாதப்போ ஓட்டலாம். 4, 5 ரெண்டும் டிராக்டர் தடமும் புல்லும்தான், சுமையோட போனா தள்ளிக்கிட்டு நடக்கணும். தரமே போடாத தடம்னா 'யாரும் பார்க்கலை'ன்னு அர்த்தம், 'நல்லா இருக்கு'ன்னு இல்லை. உங்க பாதை வயலுக்குள்ள முடிஞ்சுபோறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து செயற்கைக்கோள் படம். ரோட்டின் நடுவில் வெள்ளைக்கோடு இருந்தா போக்குவரத்து இருக்கு. மண்தடத்தில் ரெண்டு சக்கரத்தடமும் நடுவில் புல்லும் தெரிஞ்சா டிராக்டர் மட்டும் வருது. ரெண்டு தடத்துக்கும் நடுவில் வெளுத்து ஒரே பட்டையா இருந்தா லாரி ஓடுது. அந்தப் பட்டை எங்கே போய் முடியுதுன்னு பிடிச்சுக்கிட்டே போங்க, முனையில் கல் குவாரியோ மணல் எடுக்கிற இடமோ இருக்கும்.

சைக்கிள் ஓட்டத்தைப் பதியுற ஸ்ட்ராவா ஆப்பின் வெப்ப வரைபடத்தை நம்பிப் பாதை போடாதீங்க. அது சைக்கிள் ஓடின இடத்தைக் காட்டுமே தவிர கார் ஓடாத இடத்தைக் காட்டாது. பயிற்சிக்கு ஓட்டுறவங்க வழவழன்னு இருக்கிற தார் தேடி நெடுஞ்சாலைக்கே போவாங்க.

---

பல்சக்கரம் பதில்:

பாதை பற்றி மேலே சொன்னதே போதும். நான் வண்டிக்கு வருகிறேன்.

உங்கள் மிக இலகுவான கியர் 34/28 (முன்னால் 34 பல், பின்னால் 28), சுமைப் பயணத்துக்குப் போதாது. நிமிடத்துக்கு 60 மிதி வேகத்தில் அது மணிக்கு சுமார் 9.4 கி.மீ. உங்கள் மொத்த எடை 97 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில், சரளை மேல், அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 220 வாட் வேண்டும். பின்னால் 11–34 போட்டால் 180. முன்னாலும் 46/30 ஆக்கினால் 160க்கு இறங்கும். ஒரு ஏற்றத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, மாலையில் முழங்கால் சொல்லும். நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் மலையை வெட்டிச் சரிவைக் குறைப்பார்கள். கிராமத்துப் பாதை மேட்டின் மேலேயே ஏறி இறங்கும். அமைதியான பாதை என்றால் செங்குத்தான சின்ன ஏற்றங்களும் சேர்ந்தே வரும்.

கேசட்டை (பின்சக்கரப் பல் அடுக்கை) மாற்றும் முன் பின் டீரெயிலரை, அதாவது சங்கிலியை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகத்தைப் பாருங்கள். முன்னால் 16 பல் வித்தியாசம், பின்னால் 23, ஆக மொத்தம் 39 பல் அளவுக்குச் சங்கிலியை அது இழுத்துப் பிடிக்க வேண்டும். குட்டைக் கூண்டு (கீழே தொங்கும் கை குட்டையான) வகை பிடிக்காது. சங்கிலியும் நீளம் கூடியதாக வேண்டும். பழைய சங்கிலியையே விட்டு, தெரியாமல் முன்னாலும் பின்னாலும் பெரிய பல்லைப் போட்டால் டீரெயிலர் பிய்த்துக்கொண்டு வரும்.

டயர்: 40 மி.மீ. உங்கள் எடைக்கு காற்றழுத்தம் முன்னால் 35, பின்னால் 42 பிஎஸ்ஐ அளவில் ஆரம்பித்து, சரளையில் ஓட்டிப் பார்த்து ரெண்டு ரெண்டாகக் குறையுங்கள். டியூபில் பக்கத்துப் பக்கமாக ரெண்டு ஓட்டை விழுந்தால் முள் குத்தவில்லை, காற்று குறைந்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது என்று பொருள். காற்றைக் கூட்டுங்கள்.

முள் அதிகமுள்ள பகுதி என்றால் டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்). 40 மி.மீ. டயருக்கு 60 முதல் 80 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்). வெயிலில் அது காய்ந்து தோலாகிவிடும், கிளம்பும் முன் வால்வைக் கழற்றி இன்னும் திரவமாக இருக்கிறதா என்று பாருங்கள். டியூப்லெஸ் ஆனாலும் ஒரு டியூப் கையில் இருக்கட்டும். பெரிய கிழிசலில் அதைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒருமுறை சுற்றித் துடையுங்கள். சீலன்ட் அடைத்து வைத்திருந்த முள்முனைகள் எல்லாம் அங்கேயே நிற்கும், புது டியூப் பத்து மீட்டர் தாண்டாது. கையால் தடவ வேண்டாம்.

உதிரியில் டீரெயிலர் ஹேங்கர் (அதை ஃபிரேமில் பிடித்து நிறுத்தும் துண்டு) கட்டாயம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. கேரியரின் எம்5 திருகுகளுக்கு, கழலாமல் பிடிக்கும் நூல்பசை போடுங்கள், சரளை அதிர்வில் முதலில் கழலுவது அவைதான்.

---

மஞ்சள்வெயில் பதில்:

90 கி.மீ. அதிகம். தாரில் சுமையோட 17–18 வேகம் வரும், மண்ணில் 12–13தான். பாதி பாதி கலந்த பாதைன்னா 60–65 வைங்க. இல்லாட்டி பூ பார்க்க வந்துட்டு கடிகாரம் பார்த்துக்கிட்டே ஓட்டணும்.

வண்ணம் வேணும்னா தேதியும் திசையும் முக்கியம். ஒரு சூரியகாந்தி வயல் முழுப் பூவில் நிற்கிறது ரெண்டு வாரம் போலத்தான். வெயிலோட கூடவே திரும்புறது இளம் மொட்டு மட்டும், விரிஞ்சு முற்றின பூ கிழக்கு பார்த்தே நின்னுடும். காலையில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் போனீங்கன்னா பூ எல்லாம் உங்க முகத்தைப் பார்க்கும், வெயிலும் முதுகுப் பக்கம் இருக்கும். எதிர்த்திசையில் போனா பச்சைப் பின்புறமும் கண்கூச்சமும்தான். நெல் வயலுக்கு ரெண்டு நேரம் உண்டு. நாற்று நட்ட புதுசில் தண்ணீரில் வானம் தெரியும். கதிர் பழுத்தப்போ தங்க நிறம். முதல் காட்சிக்கு போலரைஸ்டு கண்ணாடி ஆகாது, தண்ணீரில் தெரியுற பிம்பத்தையே அழிச்சிடும், சில கோணத்தில் போன் திரையும் கறுத்துப்போகும்.

ஒரு சிக்கல்: கதிர் பழுத்தா அறுவடை, அறுவடைன்னா அதே குறுகின பாதையில் அறுவடை இயந்திரமும் பார வண்டியும். அதனால முழு நிறம் வந்து, அறுவடை தொடங்காத இடைவெளியைப் பிடிங்க. மருந்து அடிக்கிற வயலைக் கண்டா காற்று வர்ற பக்கமா சுற்றிப் போங்க.

திறந்த சமவெளியில் வெயில் ஏற ஏற காற்றும் ஏறும். எதிர்காற்று வர்ற துண்டை விடியற்காலையில் முடிச்சிடணும். தண்ணீர் மூணு லிட்டர், வண்டி இல்லாத பாதையில் கடையும் இருக்காது.

---

மெல்லோட்டம்:

அருமை, நன்றி. கேசட்டை மாற்றிவிடுகிறேன். ஆனால் என் ஃபிரேமில் 35க்கு மேல் நுழையாது. வாய்க்கால் கரை, கைவிட்ட ரயில்பாதை மாதிரி இடங்களுக்கு அது போதுமா?

---

வரப்புவழி:

காய்ஞ்ச கிரேட்2 வரைக்கும் 35 தாராளம், பல்சக்கரம் சண்டைக்கு வந்தாலும் சரி.

பழைய ரயில்பாதைதான் உங்களுக்குத் தோது. ரயில் எஞ்சின் செங்குத்தா ஏறாதுங்கிறதால சரிவு பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள் இருக்கும். நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் பாதை, 152 கி.மீ., 2000-ல் திறந்தது, முழுக்க இப்படித்தான். வழியில் வர்ற குகைப்பாதைக்கு முன்விளக்கு வேணும். தண்டவாளம் எடுத்தும் ஜல்லி அள்ளாம விட்ட துண்டா இருந்தா 35 திணறும்.

வாய்க்கால் கரைப் பாதைக்கு ஒரே பெயர் இருந்தாலும் தளம் ஒண்ணா இருக்காது. பிரான்ஸின் கனால் டு மிடி 240 கி.மீ.; துலூஸ் பக்கம் தார், தாண்டிப் போனா மண்ணும் மரவேரும். கரையில் ரெண்டு பக்கமும் தடம் இருந்தா எந்தப் பக்கம் வண்டிச் சக்கரத்தடம் இருக்குன்னு படத்தில் பார்த்து எதிர்ப்பக்கம் போங்க. பாலம் எங்கெங்கே இருக்குன்னும் குறிச்சுக்கோங்க, தப்பான கரையில் மாட்டினா திரும்ப வரணும்.

---

பல்சக்கரம்:

சண்டை இல்லை, ஒரே நிபந்தனை. 35 நுழைகிறது என்றால் இடைவெளி எவ்வளவு? டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் 6 மி.மீ. இல்லையென்றால் களிமண் தடத்தை மழைக்கு மறுநாள் தொடாதீர்கள். மண் உருண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும், மட்கார்டு இருந்தால் இன்னும் சீக்கிரம். அப்படிப் பூட்டியபின் மிதித்து இழுத்தால்தான் ஹேங்கர் ஒடியும். உடனே இறங்கி, குச்சியால் கிளறி எடுத்துவிட்டு, பக்கத்துப் புல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். ஜிபிஎக்ஸ் கோப்பில் (பாதைக் கோட்டைச் சேமிக்கும் கோப்பு) ஒவ்வொரு மண் துண்டுக்கும் ஒரு தார் மாற்றுவழியைத் தனிக் கோடாகச் சேமித்து, இணையம் இல்லாமல் திறக்கிறதா என்று வீட்டிலேயே விமானப் பயன்முறையில் போட்டுப் பாருங்கள்.