கேஎஸ்பி-யில் யதார்த்தம் எந்த அளவு வரை? எந்த வசதி உங்கள் ஆட்டத்தை மாற்றியது?

மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் (கேஎஸ்பி) என்ற, ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டை ஆறு வருடமாக ஆடுகிறேன். மோட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) எதுவும் போடாமலேயே, அதில் பூமிக்குப் பதிலாக இருக்கும் கெர்பினின் இரண்டு நிலாக்களுக்கும், டூனா என்ற கோளுக்கும் போய்த் திரும்பியாகிவிட்டது. போன மாதம் ஆசைப்பட்டு நிஜச் சூரியக் குடும்பத்தைக் கொண்டுவரும் ரியல் சோலார் சிஸ்டம் மோடும், எஞ்சின்களை நிஜம்போல ஆக்கும் ரியலிசம் ஓவர்ஹால் மோடும் சேர்த்துப் போட்டேன். அன்றிலிருந்து மனசு இரண்டுபட்டுக் கிடக்கிறது.

முதல் அடி அளவில்தான். கெர்பினின் ஆரம் 600 கி.மீ., பூமியினுடையது 6,371. கெர்பினைச் சுற்ற 3,400 மீ/வி டெல்டா-வி (ராக்கெட் மொத்தமாகத் தர வேண்டிய வேக மாற்றம்) போதும். பூமிக்கு, காற்றிலும் ஈர்ப்பிலும் போகிற இழப்பையும் சேர்த்து, 9,400 வேண்டும். கைக்குப் பழகிய ராக்கெட் ஒன்றுகூட மேலே போகவில்லை. சரி, அளவு மாறினால் கணக்கும் மாறத்தானே செய்யும் என்று பெரிதாகக் கட்டிக்கொண்டேன்.

தடுமாற வைத்தது போன சனிக்கிழமை. நிலாவுக்கு ஒரு சின்ன ஆய்வுக்கலம், மூன்று ஸ்டேஜ் (அடுக்கு) ராக்கெட். சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தவன் எட்டு மணிக்குத்தான் ஏவினேன். இரண்டாவது ஸ்டேஜ் 190 கி.மீ. உயரத்தில் கச்சிதமாகக் கொண்டுபோய் விட்டது. முக்கால் சுற்று மிதந்து, கிளம்ப வேண்டிய இடம் வந்ததும் மூன்றாவது ஸ்டேஜைப் பற்றவைத்தேன். ஒரு இருமல் மாதிரி கொஞ்சம் புகை வந்து அடங்கிவிட்டது. அந்த எஞ்சினுக்கு ஒரே ஒரு தடவைதான் பற்றவைக்கும் வாய்ப்பு. அதுவும் போய்விட்டது. எடையில்லாத இடத்தில் எரிபொருள் தொட்டிக்குள் உருண்டையாக மிதக்கும், குழாய்க்குள் திரவத்துக்குப் பதில் வாயு போகும் என்று அப்புறம் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கலம் இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

என் கேள்வி இதுதான். எந்த யதார்த்தம் உங்கள் ஆட்டத்தை உண்மையிலேயே மாற்றியது? எது வெறும் வேலைப்பளு? ஆளுக்கு வேண்டிய காற்று, தண்ணீர், உணவு எல்லாம் கணக்கில் வருகிற மோட், சிக்னல் தாமதம், பல கோள்களின் ஈர்ப்பு ஒரே நேரத்தில் வேலை செய்வது, இப்படி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் லேப்டாப்பும் தாங்காது, நானும் தாங்கமாட்டேன்.

---

பழைய ஆர்பிட்டர்:

தம்பி, அந்தக் கலத்தை அழிக்காதீர்கள். அதன் எஞ்சின் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் ஆர்பிட்டர் என்ற விண்வெளிப் பயண சிமுலேட்டர் ஆடுகிற ஆள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த மார்ட்டின் ஷ்வைகர் என்ற இயற்பியலாளர் 2000-இல் இலவசமாக வெளியிட்டது. 2021-இல் மூல நிரலையும் திறந்துவிட்டார். அதில் ராக்கெட் கட்டுகிற வேலை கிடையாது. கிடைக்கிற கலத்தை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பரிசும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் எனக்கு யதார்த்தம் என்றால் என்ன என்று புரியவைத்தது அதுதான்.

முதன்முதலாக விண்வெளி நிலையத்தோடு டாக்கிங் செய்யப் போனேன். நிலையம் எனக்கு முன்னால், அதே உயரத்தில், 8 கி.மீ. தூரத்தில். முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிக்க என்ன செய்வோம்? ஆக்ஸிலரேட்டரை மிதிப்போம். நானும் நிலையத்தைப் பார்த்து மூக்கைத் திருப்பி எஞ்சினை அழுத்தினேன். முதலில் நெருங்கியது. அப்புறம் மெல்ல மேலே ஏறினேன். கொஞ்ச நேரத்தில் நிலையம் எனக்குக் கீழே போய், என்னைவிட்டு முன்னால் ஓடிவிட்டது. திரும்ப அழுத்தினேன், இன்னும் தூரம். திரையில் தூரத்தைக் காட்டும் எண் 8, 6, 7, 11, 19 என்று ஏறிக்கொண்டே போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

வேகத்தைக் கூட்டினால் பாதை பெரிதாகும். பெரிய பாதையைச் சுற்ற அதிக நேரம் ஆகும். அதனால் பின்தங்குவோம். முன்னால் இருப்பதைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், கைக்குத்தான் தெரியவில்லை. 1965 ஜூனில் ஜெமினி 4-இல் ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கும் இதேதான் நடந்தது. தன் ராக்கெட்டின் காலியான இரண்டாவது ஸ்டேஜை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கி உந்த உந்த அது விலகிப் போனது. எரிபொருள் கரைகிறதென்று முயற்சியைக் கைவிட்டார்கள். அதே வருடம் டிசம்பர் 15-ஆம் தேதி ஜெமினி 6ஏ-வும் 7-உம் ஒன்றுக்கொன்று ஓர் அடி தூரம் வரை நெருங்கி நின்றன. நடுவில் மாறியது எஞ்சின் அல்ல, யோசிக்கிற முறை.

அதனால் என் அளவுகோல் ஒன்றுதான். ஒரு வசதி வந்த பிறகு நான் எடுக்கிற முடிவு மாறுகிறதா? மாறினால் அது யதார்த்தம். இருநூறு ஸ்விட்சை வரிசையாகத் தட்டவைத்து, ஏன் தட்டுகிறேன் என்று சொல்லாவிட்டால் அது எனக்கு ஒப்பாது.

உங்கள் எஞ்சின் விஷயம் இந்த அளவுகோலில் முதல் தரம். எரிபொருளைத் தொட்டியின் அடியில் உட்காரவைக்க மூன்று வழி உண்டு. ஒன்று, சின்ன உந்துகருவிகளை முன்னோக்கித் தட்டிவிட்டுப் பெரிய எஞ்சினைப் பற்றவைப்பது. சாட்டர்ன் 5-இன் மூன்றாவது ஸ்டேஜ் நிலாவுக்குக் கிளம்பும் முன் இப்படித்தான் செய்தது. இரண்டாவது, சில விநாடி மட்டும் எரிகிற திட எரிபொருள் மோட்டார்களைப் பக்கவாட்டில் ஒட்டுவது. மூன்றாவது ரஷ்யர்களின் வழி. கீழ் ஸ்டேஜ் எரிந்துகொண்டிருக்கும்போதே மேல் ஸ்டேஜைப் பற்றவைத்துவிடுவார்கள். உந்துதல் ஒரு கணம்கூட விடுபடாததால் எரிபொருள் மிதக்கவே மிதக்காது. சோயுஸ் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே கம்பிக்கூடு மாதிரி திறந்திருக்கும். மேல் எஞ்சினின் நெருப்பு வெளியேறத்தான் அது. வருடக்கணக்கில் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு மூன்றாவது வழி ஒத்துவராது, நடுவில் முக்கால் சுற்று மிதக்கிறீர்களே.

சிக்னல் தாமதம் கட்டாயம் போடுங்கள். 2014 செப்டம்பர் 24-இல் மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது சிக்னல் வந்துசேர 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். சுமார் 300 நாள் தூங்கிய பிரதான எஞ்சின் திரும்ப எரியுமா என்ற கவலை வேறு. அதற்காக இரண்டு நாள் முன்னதாக 4 விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். சனிக்கிழமை உங்களுக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு அந்த 4 விநாடியை யோசித்துப் பாருங்கள்.

---

குட்டி ராக்கெட்:

அண்ணா, என்னிடம் லேப்டாப் இல்லை. போனில் ஸ்பேஸ்ஃபிளைட் சிமுலேட்டர்தான். இரண்டு பரிமாணம்தான், பூமியும் வழக்கமான நிலையில் இருபதில் ஒரு பங்கு. இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் மேலே சொன்ன 'முடிவு மாறுகிறதா' என்ற அளவுகோல் எனக்கும் பொருந்துகிறது.

சந்திரயான்-3 2023 ஜூலை 14-இல் கிளம்பி ஆகஸ்ட் 23-இல் இறங்கியது. 40 நாள். அப்போலோ மூன்று நாலு நாளில் நிலாவை அடைந்துவிட்டதே, நமக்கு ஏன் இவ்வளவு என்று ஹாஸ்டலில் பெரிய வாக்குவாதம். போனிலேயே செய்து பார்த்தேன். பெரிய எஞ்சின் வைத்தால் ஒரே எரிப்பில் வேலை முடிந்துவிடுகிறது. வேண்டுமென்றே சின்ன எஞ்சின் வைத்ததும்தான் விஷயம் தெரிந்தது. பூமிக்கு மிக அருகில் வேகமாகப் போகும்போது எரித்தால்தான் ஆதாயம். சின்ன எஞ்சின் எரிந்து முடிவதற்குள் கலம் அந்த இடத்தைத் தாண்டி மேலே போய்விடுகிறது, எரிபொருள் வீணாகிறது.

அப்புறம் நிஜக் கணக்கையும் போட்டேன். எல்விஎம்3 ராக்கெட் அதை விட்ட பாதையில் மிகக் குறைந்த உயரம் 170 கி.மீ., மிக அதிக உயரம் 36,500 கி.மீ. மொத்த எடை சுமார் 3,900 கிலோ, எஞ்சின் 440 நியூட்டன். நிலாவரை பாதையை நீட்ட 650, 700 மீ/வி வேண்டும். ஒரே மூச்சில் எரித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கமாக வருகிறது. பூமிக்கு அருகில் இருக்கப்போவதோ சில நிமிடங்கள். அதனால்தான் ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து தடவை பாதையை உயர்த்தினார்கள். ஆறாவது எரிப்பு ஆகஸ்ட் 1-இல், நிலாவை நோக்கி. இதை நான் வகுப்பில் கற்கவில்லை, போனில் கற்றேன்.

எனக்கு வேண்டிய புதிய வசதி இதுதான்: எஞ்சின்களில் நிஜமான சின்னச் சின்ன உந்துவிசை, அப்புறம் எரிப்பு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பாதையின் மேலேயே கோடாகக் காட்டுவது.

---

எல்1 வழிப்போக்கன்:

காற்று, தண்ணீர் கணக்கு மோட் வேண்டாம் என்பது என் கருத்து. நிலா வரை போய்த் திரும்புகிற ஒரு வாரப் பயணத்தில் அது இன்னும் இரண்டு டப்பாவை ஒட்டுகிற வேலை மட்டுமே. செவ்வாய்க்கு ஆள் அனுப்பும் நாளில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பிரின்சிபியா என்ற மோடைத் தவறவிடாதீர்கள். கேஎஸ்பி-யில் ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும். அதனால் லக்ராஞ்சுப் புள்ளிகள் (சூரியன், பூமி போன்ற இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, கலம் அவற்றோடு ஒரே இடைவெளியில் சுற்றக்கூடிய இடங்கள்) என்பதே அந்த உலகத்தில் கிடையாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இருக்கும் எல்2-வும் இல்லை, ஆதித்யா எல்-1 இருக்கும் எல்1-உம் இல்லை. பிரின்சிபியா போட்டால் சூரியனும் பூமியும் நிலாவும் ஒரே நேரத்தில் இழுக்கும்.

எங்கள் தென்காசிப் பக்கம் ஆதித்யா என்றால் தனிப் பெருமை. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். 2024 ஜனவரி 6-இல் அது எல்1-ஐச் சுற்றும் பாதையில் நுழைந்த வாரமே நானும் ஒரு கலத்தை அனுப்பினேன். 15 லட்சம் கி.மீ. போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆட்ட நேரத்தில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் பாதை ஒரு பக்கமாகக் கசிந்து, கலம் சூரியனை நோக்கி வழுக்கிக்கொண்டிருக்கிறது. குன்றின் உச்சியில் கோலி குண்டை நிறுத்திவைப்பது போன்ற இடம் அது. அவ்வப்போது தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் ஆயுளை எரிபொருளை வைத்து ஏன் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு எச்சரிக்கை. பழைய லேப்டாப் என்றால் காலத்தை வேகமாக ஓட்டும்போது திணறும். கட்டளை நிரல் எழுதுகிற கேஓஎஸ் மோடையும் சிக்னல் தாமதத்தையும் முதலில் சேர்த்துப் பழகுங்கள். பிரின்சிபியா மூன்றாவதாக வரட்டும்.

---

மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன முதல் வழியை நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். அதே ராக்கெட், அதே பாதை. மூன்றாவது ஸ்டேஜில் நாலு சின்ன உந்துகருவிகள் மட்டும் கூடுதல்.

கிளம்பும் இடம் வருவதற்கு அரை நிமிடம் முன்னால் எஞ்சினின் மேல் வலது கிளிக் செய்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டேன். எரிபொருள் நிலையில்லாமல் இருப்பதாகக் காட்டியது. கீபோர்டில் உந்துகருவிகளை இயக்கும் ஆர் தட்டிவிட்டு, முன்னோக்கித் தள்ளும் எச்-ஐ அழுத்திப் பிடித்தேன். உந்துகருவிகள் மூச்சு விடுவது போல வெள்ளையாக ஊதின. வேகம் விநாடிக்கு அரை மீட்டர்கூடக் கூடியிருக்காது. பெட்டியில் எழுத்து மாறியது. இன்னும் ஒரு படி மாறி, மிக நிலையாக இருக்கிறது என்று வந்து நின்றது. எச்-ஐ விடாமலே எஞ்சினைப் பற்றவைத்தேன். எரிந்தது! இரண்டு நிமிடத்துக்கு மேல் விடாமல் எரிந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

நடுவழியில் பாதையைத் திருத்தாமல் விட்டதால் நிலாவின் பின்பக்கத்தைச் சுமார் 900 கி.மீ. தள்ளிக் கடந்து போய்விட்டது. பரவாயில்லை.

எல்1 வழிப்போக்கன், காற்று தண்ணீர் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. உள்ளே ஆள் இருக்கிறார், அவருக்கு ஒன்பது நாளுக்குத்தான் காற்று இருக்கிறது என்று தெரிந்தால், திரும்பி வருகிற பாதையை நான் வேறு மாதிரிதான் போடுவேன். அதைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

அப்புறம், அந்தப் பழைய கலம் இன்னும் 190 கி.மீ.-இல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கலத்தை அனுப்பி அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஆசை. குட்டி ராக்கெட், பின்னால் இருந்து துரத்தும்போது எத்தனை கி.மீ. கீழே இறங்கினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் நெருங்கும் என்று உன்னால் கணக்குப் போட்டுத் தர முடியுமா?

---

குட்டி ராக்கெட்:

போட்டுவிட்டேன் அண்ணா. வட்டப்பாதையில் 1 கி.மீ. கீழே இறங்கினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 9.4 கி.மீ. நெருங்குவீர்கள். 10 கி.மீ. கீழே என்றால் 94. கடைசி 5 கி.மீ.-க்கு மட்டும் அரை கி.மீ. கீழே இருந்து வாருங்கள், அவசரப்படாதீர்கள்.