ஸ்லாட்டின் லிவர்பூல்: ஆறாம் எண் ஆளை வாங்காமல் விட்டது சரியா?

கேள்வி (செப்டம்பர் 2024): புது பயிற்சியாளர் ஸ்லாட்டுக்காக லிவர்பூல் கால்பந்து அணி ஆறாம் எண்ணுக்கு, அதாவது டிஃபென்ஸுக்கு முன்னால நிக்கிற நடுக்கள இடத்துக்கு, கேட்ட சுபிமெண்டி ஸ்பெயினின் ரியல் சோசியதாத்திலேயே தங்கிட்டார். வீரர்களை வாங்குற சந்தையும் மூடியாச்சு. இந்த சீசனுக்கு வந்தது முன்கள வீரர் கியேசா மட்டும். வாங்கின கோல்கீப்பர் மமர்தாஷ்விலி 2025இல்தான் வருவார். டிஃபென்ஸுக்கு முன்னால யார் நிக்கிறது?

பதில் 1: கிராவன்பெர்க்தான். முந்தைய பயிற்சியாளர் க்ளாப்பின் 4-3-3 அமைப்பில் (டிஃபென்ஸில் 4, நடுவில் 3, முன்னால 3 பேர்) அந்த இடத்துல ஒற்றை ஆளா நின்னா ரெண்டு பக்கமும் ஓடணும். ஸ்லாட்டின் 4-2-3-1இல் டிஃபென்ஸுக்கு முன்னால ரெண்டு பேர், பக்கத்துல மக் அலிஸ்டர் இருக்கார். முதுகில் எதிரணி ஆள் ஒட்டியிருந்தாலும் கிராவன்பெர்க் பந்தை வாங்கும்போதே உடம்பைத் திருப்பிடுறார், ஒரே தொடுதலில் அந்த ஆள் பின்னால தங்கிடறான். ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-0 ஜெயிச்ச ஆட்டத்தில் முதல் கோலைப் பாருங்க: அவங்க ஆள் கசெமிரோவின் பாஸை வெட்டினதே இவர்தான். அப்புறம் சாலா கிராஸ், டியாஸ் தலையால் முட்டினார்.

பதில் 2: அதெல்லாம் சரிங்க, அவருக்குக் காயம்னா? அந்த இடத்துக்கு மாற்று ஆள் எண்டோ பந்தைப் பறிப்பார், ஆனா நெருக்கடியில் திரும்பி முன்னால கொண்டுபோக மாட்டார். பின்னாலிருந்து பாஸ் பண்ணிப் பண்ணி முன்னேறும் ஆட்டமே நின்னுடும். இதுதான் என் பயம்.

பதில் 3: கியேசாவை அவசரப்படுத்தாதீங்க. 1 கோடி பவுண்டு, கூடுதலா 25 லட்சம் வரை, விலை மலிவுதான். ஆனா பழைய அணியான யுவென்டஸில் அணியோடு சேராம தனியாத்தான் பயிற்சி எடுத்தார். சீசனுக்கு முந்தைய பயிற்சி (ப்ரீ-சீசன்) முழுசா இல்லாத ஆளை 90 நிமிஷம் ஓடவிட்டா தசை பிடிச்சுக்கும். முதல்ல கடைசி 20 நிமிஷம் போதும்.