தலை நடுங்கும் காகிதப் பாடகி, உதவுங்கள்

நானே பாடிய மூன்று நிமிடப் பாட்டுக்குக் காகிதப் பொம்மைகளை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, படம் படமாக எடுத்துக் கோத்து வீடியோ செய்கிறேன். நொடிக்கு 12 படம், மொத்தம் 2160. இதுவரை 140தான் ஆகியிருக்கிறது!

கைகால் மூட்டுகளை நூல் முடிச்சில் கோத்துவிட்டேன், நன்றாகவே மடங்குகின்றன. தொல்லை வாயில்தான். ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’, மூடிய உதடு என நான்கு வாய் வெட்டி, மாற்றி மாற்றி வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் தலை மயிரிழை நகர்ந்துவிடுகிறது. ஓட்டிப் பார்த்தால் பாடகி குளிர்ஜுரம் வந்தவள் போல நடுங்குகிறாள். தலையை எதைக் கொண்டு அசையாமல் பிடித்து வைப்பது?

அப்புறம், போனில் எக்ஸ்போஷரை (கேமரா தானாக மாற்றும் வெளிச்ச அளவை) பூட்டியும் வெளிச்சம் மினுங்குகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதாலா? ஜன்னல் திரையை மூடி விளக்கு மட்டும் போட்டால் சரியாகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், முதலிலிருந்து எடுக்கவும் தயார்.